மூணா, எட்டா?

நீர் மீட்புப் படையின் ஸ்டோர் ரூம் பயிற்சிக் குளத்துக்குப் பின்னால் இருந்தது. நீளமான அறை, ஒரே ஒரு ஜன்னல், ஏழு இரும்பு அலமாரிகள். ரப்பர் வாசனையும் காயாத துணி வாசனையும் கலந்த ஒரு நெடி எந்நேரமும் மூக்கில் ஏறும். அந்த அறையை ஒன்பது வருடமாக ஆண்டுகொண்டிருந்தவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஏரியில் ஆள் மூழ்கினாலும், பாலத்திலிருந்து வண்டி விழுந்தாலும் போய் எடுத்து வருகிற முப்பத்திரண்டு முக்குளிப்பவர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் மாட்டுகிற மாஸ்க்கும், மணிக்கட்டில் கட்டுகிற கம்ப்யூட்டரும் அவள் கையைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவன் உள்ளே வந்தால் பெயரைக் கேட்கமாட்டாள். முகத்தைத்தான் பார்ப்பாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து வந்து, “வாரை மாட்டாதே. சும்மா முகத்துல வச்சு மூக்கால மூச்சை இழு. இப்போ கையை எடு” என்பாள். பத்தில் ஒன்பது பேருக்கு அந்த முதல் மாஸ்க்கே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிற்காதவன் பெரும்பாலும் மீசைக்காரனாக இருப்பான். “மீசையை எடு, இல்லேன்னா தண்ணியைக் குடி. உன் இஷ்டம்” என்று முகம் பார்க்கிற கண்ணாடியைக் கையில் கொடுப்பாள்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் இன்னும் கறார். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும்போது எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்கிற கருவி அது. அந்த எண்ணைத் தப்பாகப் படித்தால் ரத்தத்தில் கரைந்த காற்று குமிழாகக் கிளம்பி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். “கடையில லைட்டுக்குக் கீழே வச்சுப் பார்த்தா எல்லாமே அழகாத்தான் இருக்கும்” என்பாள். ஸ்டோருக்குப் பின்பக்கம் ஒரு பெரிய நீலத் தொட்டி வைத்திருந்தாள். அதில் குளத்துச் சேற்றைக் கரைத்துவிட்டு, விற்க வந்த கம்பெனிக்காரனையே முகத்தை உள்ளே விட்டு எண்ணைப் படிக்கச் சொல்வாள். டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர் அப்படியே பெட்டியை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவள் தண்ணீரில் இறங்கியது மொத்தமே மூன்று வாரம்தான்.

இருபத்தாறு வயதில் அவளும் பயிற்சிக்குத்தான் சேர்ந்தாள். தூரப் பார்வை குறைவு, தடிமனான கண்ணாடி. கண்ணாடி போட்டவர்கள் வரக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அப்போது அவளுக்கு நிச்சயமாகியிருந்தவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அவளுடைய பவருக்கு இரண்டு லென்ஸ் தேய்த்து, மாஸ்க்கின் உள்பக்கம் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டிக் கொடுத்தான். மூன்றாவது வாரப் பரீட்சையில் குளத்தின் அடியில் எண் எழுதிய பன்னிரண்டு கற்களைப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டு முதலில் மேலே வந்தவள் அவள்தான்.

பயிற்சி கொடுத்தவர் படையின் தலைமை முக்குளிப்பவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். “அந்த மாஸ்க்கைக் குடு” என்றார். உள்ளே தடவிப் பார்த்தார். இடுப்பிலிருந்த கத்தியை உருவி, முனையால் நெம்பி, இரண்டு லென்ஸையும் பெயர்த்துச் சாக்கடை ஓட்டைக்குள் போட்டார்.

“இப்போ இறங்கு. கிட்ட போய்க் குனியக்கூடாது. மேலே மிதந்தபடியே கல்லைப் பார்த்து விரல்ல காட்டணும்.”

அவள் இறங்கினாள். அடியில் மங்கலாகப் பன்னிரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. விரலைக் காட்டினாள். கரையில் நின்ற மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் “தப்பு” என்று கத்தினார். இரண்டே இரண்டு சரி, அதுவும் குருட்டாம்போக்கில்.

“சிரிங்கடா” என்றார் மற்றவர்களைப் பார்த்து. “சிரிக்காதவன் பத்து ரவுண்டு ஓடணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் பயத்தில் சிரித்தார்கள், போகப்போக நிஜமாகவே சிரித்தார்கள். “சோடாபுட்டி, உன்னை நம்பி எவன் தண்ணிக்குள்ள வருவான்? கூட வர்றவன் உசுரு உன் கண்ணுல இருக்கு” என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே அவளை ஸ்டோருக்கு மாற்றி எழுதிவிட்டார்.

வேறு வேலை தேடியிருக்கலாம். கல்யாணமான புதிதில் கணவனே கேட்டான், “அந்த ஆளு மூஞ்சியைத் தினமும் பார்த்துக்கிட்டு எதுக்கு அங்க இருக்கே?” என்று. “நான் போனா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்” என்றாள். அவன் விட்டுவிட்டான். அவள் எதையும் விடுகிறவள் இல்லை என்பது அவனுக்கு அப்போதே புரிந்திருக்கும்.

மாஸ்டரைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணுக்கு முன்னால் வைத்த கை தெரியாத சேற்றுத் தண்ணீரில், விரல் நுனியால் தடவியே ஒரு பள்ளிக்கூட வேனின் கதவைத் திறந்து நான்கு பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்தவர். அதனால் அவர் யாரை என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச ஆளில்லை. வாந்தி எடுத்தவனை அந்த வாந்தியைக் கையால் அள்ளச் சொல்வார். பயந்தவனுக்குப் பெண் பெயர் வைத்து, அவன் மனைவி எதிரிலேயே அப்படிக் கூப்பிடுவார்.

ஐம்பது தாண்டியதும் அவர் கண்ணுக்கும் வெள்ளெழுத்து வந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் ஸ்டோர் அக்காதான். சாமான் வாங்கும் நோட்டில் கையெழுத்துப் போட அவர் நோட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். ஒருநாள் அடுத்தவன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். அவருடைய கம்ப்யூட்டர் திரும்பி வரும்போதெல்லாம் பேட்டரி செத்திருந்தது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துப் பார்க்கிறார். தண்ணீருக்குள் எல்லாப் பொருளும் கால் பங்கு கிட்டே வந்து நிற்கும். கிட்டத்தில் இருப்பது தெரியாதவனுக்கு அது இன்னும் மோசம், இருட்டு சேர்ந்தால் அதைவிட மோசம். அவர் தண்ணீருக்குள்ளேயே எல்லோருக்கும் தண்ணி காட்டினார். கூட வருகிறவனின் மணிக்கட்டைப் பிடித்து, ‘எவ்வளவு ஆழம், காட்டு’ என்று சைகை செய்வார். பரீட்சை வைக்கிறார் என்று அவன் நடுங்கிக்கொண்டே விரலைக் காட்டுவான். அதைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.

ஸ்டோரில் பெரிய எழுத்துக் கம்ப்யூட்டர்கள் இரண்டு இருந்தன. வெள்ளெழுத்துக்காரர்களுக்கென்றே கீழ்ப்பாதியில் லென்ஸ் வைத்த மாஸ்க்கும் இருந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவர் நோட்டைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு நிறைந்தது.

அந்த வருடம் ஒரு பழைய கல்குவாரிக் குளத்தில் சரக்கு வேன் ஒன்று விழுந்தது. டிரைவர் முதலிலேயே நீந்திக் கரையேறிவிட்டான். உள்ளே ஆள் யாரும் இல்லை. முப்பத்தைந்து மீட்டர் ஆழத்தில் கிடந்த வெறும் இரும்புக்கு ஒரு கயிறு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மாஸ்டரும், அவருக்குத் துணையாக நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற இருபத்தெட்டு வயதுக்காரனும் இறங்கினார்கள். மேலே வரும்போது மூன்று மீட்டரில் எட்டு நிமிடம் நிற்க வேண்டும். மூன்றே நிமிடத்தில் இரண்டு பேரும் மேலே வந்தார்கள்.

மாஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேனின் அச்சில் கயிறு மாட்டுவதற்காக அவரைவிடக் கீழே போய் அவரைவிட அதிகம் மூச்சு வாங்கியிருந்த நெட்டைக்கு, அரைமணி நேரத்தில் தோள்பட்டை வலித்தது. சாயந்தரம் காலை ஊன்ற முடியவில்லை. அந்தக் குமிழ்களைக் கரைக்க நான்கு நாள் அழுத்த அறைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தான். இடது கையில் இரண்டு விரல் மரத்தது மரத்ததுதான். நடக்கும்போது ஒரு பக்கம் இழுத்தது.

விசாரணை அதிகாரியிடம் மாஸ்டர் இரண்டே வரி சொன்னார். “பயந்துட்டான் சார். நிக்கச் சொன்னேன், கேக்காம மேலே பாஞ்சான். தனியா விடக்கூடாதேன்னு நானும் பின்னாலேயே வந்தேன்.” நெட்டையின் கம்ப்யூட்டரை மட்டும் பார்த்தார்கள். அவன் மூன்று நிமிடத்தில் மேலே வந்தது அதில் இருந்தது. விஷயம் அதோடு முடிந்தது.

மாஸ்டரின் கம்ப்யூட்டரை யாரும் கேட்கவில்லை. வழக்கம்போல அதன் பதிவுகளைத் திங்கட்கிழமை காலையில் ஸ்டோர் மெஷினில் இறக்கியபோது அவள் பார்த்தாள். மாஸ்டர்தான் முதலில் மேலே கிளம்பியிருந்தார். நெட்டை அதே மூன்று மீட்டரில் தனியாக இருபது வினாடி நின்றுவிட்டு, பிறகுதான் கிளம்பியிருந்தான். இரண்டு பேருடைய பதிவுக் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பிரதி எடுத்து, மடித்து, டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் பிசைந்த கையோடு நிமிர்ந்தான். “எட்டை மூணுன்னு படிச்சிருக்கான் அந்த ஆளு. என் கடைக்கு வர்ற பாதிப் பேரு அப்படித்தான் படிக்கிறான். நாளைக்கே கொண்டுபோய் பெரிய அதிகாரிகிட்ட குடுத்துடு.”

“குடுக்கறேன்.”

இரண்டு நாள் கழித்துக் கேட்டான். “குடுத்துட்டேன். பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க” என்றாள். டிராயர் பூட்டியே இருந்தது.

காகிதம் போனால் அதிகாரி அவரை அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவார். கதவு மூடியிருக்கும். ஏதோ ஒரு மரியாதையான வார்த்தையில் முடித்து வைப்பார்கள். அது அவளுக்குப் போதவில்லை. அந்த மனிதர் இந்த ஸ்டோருக்கு வந்து, அவள் முன்னால் நின்று, தன் வாயால் ‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டும். என்றாவது வருவார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் நெட்டையின் அப்பா வந்தார். வெளுத்த சட்டை, கையில் ஒரு பழப் பை, பின்னாலேயே காலை இழுத்தபடி நெட்டை. முற்றத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருக்க, மாஸ்டருக்கு எதிரே போய்க் கை கூப்பினார். “பையன் பண்ணினது தப்புங்க. அவனால உங்க உசுருக்கும் ஆபத்தாயிருக்கும். அவனை வேலையை விட்டு எடுத்துடாதீங்க. எங்கேயாவது ஒரு மூலையில போட்டு வைங்க.” மாஸ்டர் பழப் பையை வாங்கிப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தார். “சரி, போங்க. பார்த்துக்கலாம்” என்றார். ஸ்டோர் ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

மாஸ்டர் பார்த்துக் கொடுத்த மூலை ஸ்டோர்தான். நெட்டை ஹோஸ்களைக் கழுவிச் சுற்றி வைக்கிற வேலைக்கு வந்தான். மரத்த விரல்களுக்கு ஹோஸ் பிடிபடாமல் நழுவும். மற்றவர்கள் ஸ்டோருக்கு வந்தால், “என்னடா ராக்கெட், மேலே போகலையா?” என்பார்கள். அவன் தலையைத் தூக்கமாட்டான். ஒருநாள் அவளிடம் கேட்டான்.

“அக்கா, எனக்கு என்னவோ அவர்தான் கட்டைவிரலைக் காட்டி மேலே போன்னு சொன்ன மாதிரி ஞாபகம். நான் என் கம்ப்யூட்டரைக் காட்டினேன். அவர் கையைத் தட்டிவிட்டார். ஆனா எல்லாரும் சொல்றதைக் கேட்டா, நானே பயத்துல பாஞ்சுட்டு அப்புறம் இப்படியெல்லாம் கற்பனை பண்ணிக்கிறேனோன்னு தோணுது. அப்படி ஆகுமாக்கா?”

அவள் மாஸ்க் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “தெரியலையேப்பா” என்றாள். “அந்த நாலு ஹோஸையும் முடிச்சிடு.”

நான்கு மாதம் போனது. மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் குளத்துக்குள் ஒரு பரீட்சை. கையில் கட்டிய கம்ப்யூட்டரைப் பார்த்து எண்ணைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். அறிவிப்பு ஒட்டிய மூன்றாம் நாள், மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மாஸ்டர் ஸ்டோருக்கு வந்தார். வருவார் என்று அவள் மூன்று நாளும் எதிர்பார்த்தே இருந்தாள். நெட்டையிடம், “இந்த வாரம் இங்கேயே சாப்பிடு. கடைசி அலமாரிக்குப் பின்னாடி இருக்கிற சாமானெல்லாம் கணக்கெடுக்கணும். நான் கூப்பிடற வரைக்கும் வெளியே வராதே” என்று சொல்லி வைத்திருந்தாள்.

“யாருமில்லையே?” என்றார் மாஸ்டர்.

“சாப்பிடப் போயிட்டாங்க.”

“என் மச்சான் ஒருத்தன். ஐம்பது வயசு. டைவிங் கத்துக்கணும்னு ஆசைப்படறான். கிட்டத்துல எழுத்து சரியாத் தெரியாது. அவனுக்கு ஒரு மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் பார்த்துச் சொல்லு.”

“கூட்டிட்டு வாங்க மாஸ்டர். முகத்தைப் பார்க்காம மாஸ்க் எப்படிச் சொல்றது?”

“என் முகவாகுதான் அவனுக்கும்.”

“மச்சானுக்கு உங்க முகவாகா? வீட்டுக்காரம்மா வழியில அப்படி அமையறது ரொம்ப அதிசயம்தான்.”

அவர் முறைத்தார். அவள் சிரிக்கவில்லை. பின்பக்கத் தொட்டியைக் காட்டினாள். தொட்டி கடைசி அலமாரியை ஒட்டிய கதவுக்கு வெளியே, இரண்டடி தள்ளி இருந்தது. கதவு திறந்தே கிடந்தது.

“அப்போ மச்சானுக்காக நீங்களே முகத்தை விடுங்க. நான் எண்ணை மாத்தி மாத்தி வைக்கறேன். விரல்ல காட்டுங்க.”

படையின் தலைமை முக்குளிப்பவர் சிமெண்ட் தரையில் மண்டியிட்டார். சாதாரண மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, மூச்சு விடுகிற குழாயைக் கடித்தபடி, கலங்கல் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தினார். அவள் முதலில் கைக்கடிகாரம் மாதிரி சின்னக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். ஒன்பது. அவர் ஐந்து விரலைக் காட்டினார்.

“தப்பு” என்றாள்.

அடுத்தது ஆறு. எட்டு காட்டினார்.

“தப்பு.”

பழைய கறுப்பு வெள்ளைத் திரை. தப்பு. பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வந்து கண்ணாடியில் பிரதிபலிக்கிற, நிறமில்லாத விளிம்பு மாஸ்க். தப்பு. அந்தச் சொல்லைச் சொல்லச்சொல்ல அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. ஒன்பது முறை சொன்னாள். நிறுத்தியிருக்கலாம், கீழ்ப்பாதியில் லென்ஸ் வைத்த கறுப்பு விளிம்பு மாஸ்க் அவள் பக்கத்திலேயே இருந்தது. பத்தாவது முறையும் சொன்னாள். பிறகுதான் அதைக் கொடுத்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு முகத்தை அமிழ்த்தியவர் அசையாமல் இருந்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு எழுத்துத் தெரிகிற வண்ணத் திரைக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். ஏழு. ஏழு விரல். நான்கு. நான்கு விரல். சின்னக் கம்ப்யூட்டரையே மறுபடி காட்டினாள். அதுவும் சரி. அவர் தலையைத் தூக்கியபோது அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. நாடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்ட, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

“சுத்தமாத் தெரியுதும்மா! பளிச்சுனு இருக்கு. இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதே!”

“நாலு மாசம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா குவாரியில எட்டு எட்டாவே தெரிஞ்சிருக்கும்.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மடித்த காகிதங்களை நீட்டினாள். வாங்கினார். தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளிப் பிடித்தார்.

“படிக்க முடியலையா? நானே படிக்கறேன். மூணு மீட்டர்ல நீங்க நின்னது மூணு நிமிஷம். முதல்ல கிளம்பினது நீங்க. அவன் இருபது வினாடி தனியா நின்னிருக்கான். பின்னாடியே வந்தது நீங்க இல்ல, அவன்.”

“உனக்கு என்ன வேணும்?”

“யாருக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லுங்க. மச்சானுக்கா?”

அவர் காகிதங்களைத் தரையில் வைத்தார். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “எனக்குத்தான். ரெண்டு வருஷமாத் தெரியலை. அன்னிக்கு மூணுன்னுதான் தெரிஞ்சுது. அவன் கையைக் காட்டினான். புதுப்பையன், எனக்குச் சொல்ல வந்துட்டானேன்னு தட்டிவிட்டேன். மேலே வந்தப்புறம்தான் புரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் அவன் தலையில கட்டினீங்க?”

“பின்ன என்ன பண்ணச் சொல்றே? எனக்குத் தண்ணியை விட்டா வேற என்ன இருக்கு?”

“நெட்டை, வாப்பா” என்று கூப்பிட்டாள்.

அவன் கதவோரம் வந்து நின்றான். சாப்பாட்டு டப்பா மூடி கையில் இருந்தது. மாஸ்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “உனக்குத் தெரிஞ்சதுதானேடா சரி? நீதானே நிமிஷத்தைச் சரியாப் பார்த்தே? அப்போ நீ அங்கேயே நின்னிருக்கணும். என் பின்னாடி எதுக்கு வந்தே?” என்று கேட்டுவிட்டு, மாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்த நெட்டை மெதுவாக உட்கார்ந்தான். இழுக்கிற காலை நீட்டி வைத்துக்கொண்டான். அழுவான் என்று அவள் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்தாள். அவன் வாங்கவில்லை.

“அந்தப் பேப்பரை எப்போ பார்த்தீங்க அக்கா?”

“திங்கட்கிழமை.”

“எந்தத் திங்கட்கிழமை?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் அழுத்த அறைக்குள்ள இருந்தேனே, அந்தத் திங்கட்கிழமையா?”

“அவர் வாயால வரணும்னு நினைச்சேன்ப்பா. பேப்பரைக் குடுத்தா மூடி மறைச்சிடுவாங்க. அவரே சொல்லணும், உன் காதுல விழணும்னுதான்…”

“அவர் வாயால வரணும்னு உங்களுக்குத்தான் வேணும். எனக்குப் பேப்பரே போதுமே.” அவன் குரல் உயரவில்லை. “எங்கப்பா வந்தன்னிக்கு நீங்க ஜன்னல்ல நின்னீங்க. நான் பார்த்தேன். அப்பவும் அது உங்ககிட்ட இருந்திருக்கு. நான் வந்து கேட்டேன், எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கான்னு. தெரியலையேன்னு சொல்லிட்டு, ஹோஸைக் கழுவுன்னு சொன்னீங்க.”

அவன் காகிதங்களை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்தபடி நேராக அதிகாரியின் அறைக்குப் போனான்.

அவள் எதிர்பார்த்தபடியேதான் நடந்தது. கதவு மூடியே இருந்தது. மாஸ்டரை உடல்நிலை காரணமாக ஓய்வு பெறச் செய்தார்கள். குளக்கரையில் நாற்காலி போட்டு, நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றிய கதையைச் சொல்லிக் கேடயம் கொடுத்தார்கள். நெட்டைக்கு ஒரு கடிதம் வந்தது: மேற்படி சம்பவத்தில் அவர்மீது தவறில்லை என்று தெரியவருகிறது. ஒரே வரி. அதை அவன் அப்பா சட்டம் போட்டு மாட்டினார் என்று யாரோ சொன்னார்கள். விரல் சரியாகாததால் அவனைத் தண்ணீருக்கு எடுக்கவில்லை. ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அவளையும் அதிகாரி கூப்பிட்டார். “பதிவு உங்க மெஷின்லதானே இருந்தது? ஏன் அப்பவே கொண்டுவரலை?” என்று கேட்டார்.

“கவனிக்கலை சார்” என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார். எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

கணவனுக்கு விஷயம் தெரிந்தது நெட்டை மூலமாகத்தான். கடைசி நாளில் கடைக்குப் போய் அப்பாவுக்குப் படிக்கிற கண்ணாடி வாங்கியிருக்கிறான். பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்த கணவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

“குடுத்துட்டேன்னு சொன்னியே?”

“ஆமா.”

“நாலு மாசமா தினமும் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கே.” வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளிடம் எது கேட்டாலும், பதில் வந்ததும் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்ப்பான். பால்காரன் வந்தானா என்று கேட்டால்கூட.

அந்த வருடமே புது விதி வந்தது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு லென்ஸ் வைத்த மாஸ்க்கும் பெரிய எழுத்துக் கம்ப்யூட்டரும் படையே கொடுக்கும். எதை வாங்குவது என்ற பட்டியலை எழுதச் சொல்லி அவளிடமே கொடுத்தார்கள். கறுப்பு விளிம்பு, முகத்தோடு ஒட்டிய கண்ணாடி, தடித்த எண்கள், கையுறை போட்டாலும் அழுத்த வருகிற பொத்தான் என்று நான்கு பக்கம் எழுதினாள். வேறு ஊர்ப் படைகளிலிருந்தெல்லாம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். நாற்பத்தேழு வயதுக்காரர் ஒருவர் தொட்டியிலிருந்து முகத்தை எடுத்து, “நீ நல்லா இருக்கணும்மா” என்றார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நெட்டையின் நம்பரை அங்கே இங்கே கேட்டு வாங்க அவளுக்கு ஒரு வருடம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் கடைக்குப் போனதும் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

“அவர் இருக்காருங்களா? நான் ஸ்டோர் அக்கா பேசறேன்னு சொல்லுங்க.”

போனை மூடிக்கொண்டு அந்தப் பெண் ஏதோ பேசுவது கேட்டது. தூரத்தில் அவன் குரல். என்ன சொன்னான் என்று தெரியவில்லை. அந்தப் பெண் திரும்ப வந்தாள்.

“என்ன விஷயம்னு கேக்கறாருங்க.”

“ஒண்ணுமில்ல. கையி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு…”

மறுபடி மூடிய குரல்கள். இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை.

“தெரியலையேன்னு சொல்லச் சொன்னாருங்க” என்று சொல்லிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று தனக்கே புரியாத அந்தப் பெண் போனை வைத்தாள்.